ப்ரொடக்‌ஷன் பிரிவுக்கு நம்பிக்கையான துப்பாக்கி எது? சிங்கப்பூரில் இருந்து கேட்கிறேன்

ஈசூன்_புதியவன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 29, ஈசூனில் இருக்கிறேன். தேசிய சேவையில் எஸ்.ஏ.ஆர். 21 சுட்டதோடு சரி, பல வருடம் எதையும் தொடவில்லை. போன வருடம்தான் ஒரு கிளப்பில் சேர்ந்து பாதுகாப்பு வகுப்பு, தேர்வு எல்லாம் முடித்தேன். ஓடி, நின்று, சுவரோரம் சாய்ந்து சுடுகிற ஐ.பி.எஸ்.சி. (இந்த வகைப் போட்டிகளுக்கான உலக அமைப்பு) பாணிப் போட்டி என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை இரவே தூக்கம் வருவதில்லை.

இதுவரை கிளப் துப்பாக்கிதான். போன மாதம் கிளப்புக்குள் நடந்த சின்னப் போட்டியில், மூன்றாவது ஸ்டேஜில் காலித் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடில் மாட்டிக்கொண்டது. தட்டி, இழுத்து, சரிசெய்வதற்குள் நேரம் போய்விட்டது. அன்று முழுக்க மனசு சரியில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ப்ரொடக்‌ஷன் பிரிவில் (அதிகம் மாற்றாத, தொழிற்சாலையில் இருந்து வந்தபடியான துப்பாக்கிகளுக்கான பிரிவு) தொடங்க ஆசை. சி.இசட். ஷேடோ 2, டான்ஃபோலியோ ஸ்டாக் 2, கிளாக் 34 ஆகிய மூன்றில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். அமெரிக்க வீடியோக்களில் கிளாக் 34-ஐத்தான் அதிகம் புகழ்கிறார்கள். ஜாம் ஆகாமல் ஓடுவது எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோடு_ஆர்.ஓ.

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. கிளாக் 34-ஐப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை, பிரிவுதான் பொருந்தாது. ஐ.பி.எஸ்.சி. ப்ரொடக்‌ஷனில் குழல் 127 மி.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது. கிளாக் 34-இன் குழல் 135 மி.மீ. நீங்கள் பார்த்த வீடியோக்கள் அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. விதிப்படி சுடுகிறவர்களுடையவை. அங்கே அது செல்லும், இங்கே செல்லாது.

அதை வைத்து ஸ்டாண்டர்ட் பிரிவில் சுடலாம். ஆனால் அங்கே மற்றவர்கள் மேஜர் பவரில், அதாவது வலு அதிகமான தோட்டாவில் சுடுவார்கள், அவர்களுக்கு அட்டையில் சி (நடுவில் ஏ, அதைச் சுற்றி சி, ஓரத்தில் டி) பட்டால் 4 புள்ளி. 9 மி.மீ. மைனரில் சுடுகிற உங்களுக்கு 3. கிளாக்தான் வேண்டும் என்றால் 17 இருக்கிறது, அது ப்ரொடக்‌ஷனில் செல்லும். எதை வாங்கினாலும் ஐ.பி.எஸ்.சி. வெளியிடும் ப்ரொடக்‌ஷன் பட்டியலில் அந்த மாடலின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். போட்டி அன்று காலையில் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது.

துவாஸ்_பம்ப்காரர்

ஆர்.ஓ. (போட்டி நடுவர்) சொன்னது சரி. நான் வேறு பக்கத்தில் இருந்து வருகிறேன். துவாஸில் கப்பல் பட்டறையில் பம்ப் பழுதுபார்க்கிறேன், இருபத்தாறு வருட வேலை. கெடாத பம்ப் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காலையில் கெட்டதை மாலைக்குள் ஓடவைக்க முடிந்தால் அதே பம்ப்பைத்தான் திரும்ப ஆர்டர் போடுவார்கள். துப்பாக்கியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நம்ம ஊர் நிலைமையை முதலில் யோசியுங்கள். துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தாலும் அது கிளப்பின் ஆயுத அறையில்தான் தூங்கும். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மற்ற நாட்டுக்காரர்கள் இரவு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் நின்று தோட்டா இல்லாமல் உருவிப் பழகுகிறார்கள். ஹாங்காங், ஜப்பானில் ஏர்சாஃப்ட் வைத்தே பழகுகிறார்கள். நமக்கு இரண்டும் இல்லை. தோட்டாவை வீட்டில் நாமே அடைத்துக்கொள்ளவும் முடியாது. எனக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மூன்று மணி நேரம், உங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு ஸ்பிரிங் போய், அதற்கு மாற்று கடல் கடந்து வரவேண்டும் என்றால் அந்த மாதமே போச்சு. ஆகவே ‘எது நல்ல துப்பாக்கி’ என்று எங்களிடம் கேட்பதற்கு முன்னால், உங்கள் கிளப் ஆயுத அறையில் இருப்பவரிடம் போய் ‘எதற்கு உங்களிடம் ஸ்பேர் இருக்கிறது, எதை உங்களால் பிரித்துப் பார்க்க முடியும்’ என்று கேளுங்கள். பக்கத்து வரிசையில் நிற்கிற நான்கு பேர் எதைச் சுடுகிறார்கள் என்றும் பாருங்கள். என் கிளப்பில் ப்ரொடக்‌ஷன் சுடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஷேடோ 2. அதனால் என்னுடையதும் ஷேடோ 2. காரணம் அவ்வளவுதான்.

ஜாம் ஆனதும் மனசு சரியில்லை என்றீர்களே, அந்த வருத்தம் நியாயமானது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 24 தோட்டா ஸ்டேஜ், 12 அட்டை, முழுப் புள்ளி 120. எல்லாம் ஏ-யில் வைத்து 20 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர், அதாவது புள்ளியை விநாடியால் வகுத்தது, 6. அதே சுடுதலில் ஒரு ஜாம், சரிசெய்ய மூன்று விநாடி. 120-ஐ 23-ஆல் வகுத்தால் 5.2. ஜாமே ஆகாமல் 20 விநாடியில் முடித்து, எட்டுத் தோட்டாவை ஏ-க்குப் பதில் சி-யில் வைத்தாலும் அதே 5.2-தான் வரும். எட்டு சி! டிரிகரை இன்னும் மென்மையாக்கலாமா, சைட்டை மாற்றலாமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அதில் மிச்சமாவதைவிட ஒரு ஜாமைத் தடுப்பதில் மிச்சமாவது அதிகம்.

ஆனால் அந்த ஜாமுக்குக் காரணம் துப்பாக்கி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கிளப் துப்பாக்கி பத்துக் கை மாறுவது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், எக்ஸ்ட்ராக்டருக்கு (காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி) அடியில் கரி அடைத்திருக்கலாம், ஓடிக்கொண்டே சுட்டபோது உங்கள் மணிக்கட்டு தளர்ந்திருக்கலாம். நான் என் மேகசின்களின் அடியில் வெள்ளை மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சிக்கும்போதும் எந்த எண், என்ன மாதிரி சிக்கல், எந்தத் தோட்டா என்று நோட்டில் குறிப்பேன். இரண்டு வருடத்தில் நடந்த ஏழு சிக்கலில் ஐந்து 3-ஆம் எண் மேகசினில். அதன் உதடு லேசாக வளைந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டதும் துப்பாக்கி ‘குணமாகிவிட்டது’. நோட்டு இல்லாவிட்டால் நான் துப்பாக்கியை விற்றிருப்பேன்.

இப்போது ஸ்பிரிங் கதை. பல வருடங்களுக்கு முன்னால், என்னுடைய பழைய துப்பாக்கியோடு தாய்லாந்தில் ஒரு போட்டிக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியம் இல்லை, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் வைத்திருந்தது நான். வெளிநாட்டுப் போட்டிக்குத் துப்பாக்கி கொண்டுபோவது என்றால் இங்கே ஏற்றுமதி அனுமதி, அங்கே இறக்குமதி அனுமதி, திரும்பி வரும்போது மறுபடி ஒரு சுற்று. லீவு, விமானச் சீட்டு, அறை வாடகை. எல்லாம் முடிந்து இரண்டாவது ஸ்டேஜில் நிற்கிறேன், டிரிகரைத் திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங் உடைந்தது. சுடும் விரல் பின்னால் போனது, டிரிகர் முன்னால் வரவில்லை. விரல் நீளம்கூட இல்லாத கம்பி. என்னிடம் மாற்று இல்லை, அங்கே இருந்தவர்களிடமும் அந்த மாடலுக்கு இல்லை. மிச்ச ஸ்டேஜ்களில் அட்டைக்குப் பசைத்தாள் ஒட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஒரு மிட்டாய் டப்பா என் பையை விட்டு இறங்கியதே இல்லை. டிரிகர் ஸ்பிரிங், ரீகாயில் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர், ஸ்லைடு ஸ்டாப், இரண்டு பின், ஒரு சின்னச் சுத்தி. இப்போது ரீகாயில் ஸ்பிரிங்கை 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுகிறேன்.

தோட்டா விஷயம். மைனருக்குப் பவர் ஃபேக்டர் குறைந்தது 125 வேண்டும். தோட்டா முனையின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தை விநாடிக்கு அடியில் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்கவேண்டும். 124 கிரெயின் 1,050 அடி வேகத்தில் போனால் 130, நிம்மதி. அதே முனை 1,000 அடியில் போனால் 124, அந்தப் போட்டியில் உங்களுக்குப் புள்ளியே கிடையாது. உங்கள் கிளப்பில் கிடைக்கிற தோட்டா உங்கள் துப்பாக்கியில் எவ்வளவு வேகம் போகிறது என்று க்ரோனோகிராஃபில் ஒருமுறை பாருங்கள்.

ஷேடோ 2 வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் டிகாக்கர் (சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கும் நெம்பு) இல்லை. ப்ரொடக்‌ஷனில் சுத்தியல் முழுக்க இறங்கிய நிலையில்தான் தொடங்கவேண்டும். தோட்டாவை ஏற்றிய பிறகு, கட்டை விரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு டிரிகரை அழுத்தி, மெல்ல இறக்கவேண்டும். விரல் வழுக்கினால் தோட்டா போய்விடும், அதோடு அன்றைய போட்டியும் போய்விடும். எனக்கே நடந்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணி வெயில், கையெல்லாம் வியர்வை. துப்பாக்கி மண்மேட்டைப் பார்த்துத்தான் இருந்தது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் ஆர்.ஓ. ‘ஸ்டாப்’ என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது துண்டில் கட்டை விரலைத் துடைக்காமல் சுத்தியலைத் தொடவே மாட்டேன். துப்பாக்கி வந்ததும் பாதுகாப்புப் பகுதியில் தோட்டா இல்லாமல் இதை நூறு முறை செய்யுங்கள். அப்புறம் வேகம் பழகலாம்.

மற்றபடி 1,330 கிராம் இரும்பு, ஸ்லைடு ஃபிரேமுக்கு உள்ளே ஓடுவது, இதனால் சுடும்போது மூக்கு அதிகம் எழாது. இதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள். ஸ்டாக் 2-உம் அதே குடும்பம்தான், அருமையான துப்பாக்கி. பிரெஞ்சு வீரர் எரிக் க்ராஃபெல் டான்ஃபோலியோவோடு பல உலகப் பட்டங்கள் வாங்கினார், சி.இசட்.-க்கு மாறி 2017-இல் பிரான்சில் ப்ரொடக்‌ஷன் பட்டமும் வாங்கினார். இரண்டில் எதை எடுத்தாலும் துப்பாக்கியால் நீங்கள் தோற்கமாட்டீர்கள். உங்கள் ஆயுத அறையில் எதற்கு ஸ்பிரிங் இருக்கிறதோ அதை எடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், வியர்வை பட்ட துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடாமல் அறையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பிடோக்_அக்கா

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கை அளவு. நான் ஐந்தடி, விரல் சின்னது. தோழியின் ஷேடோ 2-ஐ வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். இரண்டாவது தோட்டாவில் இருந்து வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் முதல் தோட்டா டபுள் ஆக்‌ஷன், ஒரே இழுப்பில் சுத்தியல் ஏறி விழவேண்டும், டிரிகர் அவ்வளவு முன்னால் நிற்கும்போது என் விரல் நுனி மட்டும்தான் எட்டியது. இழுக்கும்போது துப்பாக்கியே இடதுபக்கம் திரும்பியது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் முதல் தோட்டா சி அல்லது டி. அதனால் கிளாக் 17 எடுத்தேன். இறக்குவதற்குச் சுத்தியல் இல்லை, முதல் தோட்டாவும் கடைசித் தோட்டாவும் ஒரே இழுப்பு. லேசான துப்பாக்கி என்பதால் அதிகம் குதிக்கும், அதைப் பிடியால் அடக்கப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. எனக்கு அது பரவாயில்லை. தம்பி, முதல் தோட்டாவை இருபது முறை சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஈசூன்_புதியவன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை ஒரு அண்ணன் தன் ஷேடோ 2-ஐச் சுடக் கொடுத்தார். அக்கா சொன்னபடி முதல் தோட்டா மட்டும் இருபது. விரல் நன்றாக எட்டுகிறது, பதினேழு ஏ. ஆயுத அறையில் கேட்டேன், ஷேடோ 2-க்கு ஸ்பிரிங் எல்லாம் இருக்கிறது, ஸ்டாக் 2-க்கு வரவழைக்கவேண்டும் என்றார். ஆகவே ஷேடோ 2. போன மாத ஜாமையும் விசாரித்தேன். அந்தத் துப்பாக்கியின் எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிக் காட்டினார், அடியில் கரி கட்டியாக இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி: எத்தனை மேகசின் வாங்கலாம்? போட்டிக்குக் கொண்டுபோவதற்கு முன் எத்தனை தோட்டா சுட்டால் நம்பலாம்?

துவாஸ்_பம்ப்காரர்

இருபதில் பதினேழு நல்ல தொடக்கம் தம்பி. மேகசின் ஐந்து வாங்குங்கள். ப்ரொடக்‌ஷனில் தொடங்கும்போது ஒரு மேகசினில் 15-க்கு மேல் கூடாது, பெரிய ஸ்டேஜ் 32 தோட்டா வரை போகும். மூன்று கட்டாயம், தவறினால் ஒன்று, மண்ணில் விழுந்து சேறானால் இன்னொன்று.

தோட்டாவுக்கு என் கணக்கு 500. ஐந்து மேகசினிலும் நூறு நூறாக, போட்டியில் சுடப்போகிற அதே தோட்டா. பாதியை ஒற்றைக் கையாலும் நடந்துகொண்டும் சுடுங்கள், நின்ற இடத்தில் சுட்டால் எல்லாத் துப்பாக்கியும் நன்றாகத்தான் ஓடும். ஒரு சிக்கல் வந்தால் காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு, அந்த மேகசினுக்கு மறுபடி நூறு.

துப்பாக்கி வந்ததும் சொல்லுங்கள். நோட்டு நீங்கள் கொண்டுவாருங்கள், வெள்ளை மார்க்கர் என்னிடம் இருக்கிறது.