ஃபியூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்: குழு உடைந்தது 2007இலா, 2012இலா?

தந்திமீட்டி:
வேல்ஸின் பிரிட்ஜெண்டில் 2001இல் தொடங்கிய போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் வழி வந்த முரட்டு ராக்) குழு. 2003இல் ‘கேஷுவலி டிரெஸ்ட் அண்ட் டீப் இன் கான்வர்சேஷன்’, 2005இல் ‘ஹவர்ஸ்’. இரண்டும் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 12ஆம் இடம். 2007இல் ‘டேல்ஸ் டோன்ட் டெல் தெம்செல்வ்ஸ்’ 3ஆம் இடத்துக்கு ஏறியது. என் கட்சி என்னவென்றால், அந்த 3ஆம் இடத்தில்தான் குழு செத்தது. கடலில் தொலைந்த மீனவன் கதையை 10 பாட்டில் சொல்கிறார்கள், பின்னால் ஆர்கெஸ்ட்ரா வேறு. கத்திப் பாடுகிற அலறலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2008, 2011, 2013, 2015 என்று அப்புறம் வந்த நான்கு ஆல்பமும் தொலைத்த பொருளைத் தேடின தேடல்தான். மறுக்கிறவர்கள் வரலாம்.

கடைசிவரிசை:
மறுக்கிறேன். பட்டியல் இடத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஆல்பம் வந்த வாரம் கடைக்கு ஓடுகிறவன் புதுசைக் கேட்டுவிட்டு ஓடுவதில்லை, முந்தினதைக் கேட்ட ருசியில் ஓடுகிறான். அந்த 3ஆம் இடம் ‘ஹவர்ஸ்’ சம்பாதித்துக் கொடுத்தது. அதை வைத்து ‘டேல்ஸ்’ ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது, கொன்றது என்றும் சொல்ல முடியாது.

குழுவின் முதுகெலும்பு போனது 2012இல், ரயன் ரிச்சர்ட்ஸ் விலகியபோது. 2002இல் அவர் வந்ததும் டிரம்ஸும் அலறலும் ஒரே ஆள் கைக்கு வந்தன. முன்னால் மாத்யூ டேவிஸ் ராகமாகப் பாட, பின்னால் டிரம்ஸுக்கு நடுவிலிருந்து அலறல் வரும். அக்கம்பக்கத்துக் குழுக்களில் இந்த அமைப்பு அபூர்வம். அதே பிரிட்ஜெண்டின் புல்லட் ஃபார் மை வாலண்டைனில் அலறல் முன்வரிசை மைக்கில்தான்.

தந்திமீட்டி:
அப்படியானால் ‘டேல்ஸ்’ காலத்தில் ரயன் எங்கே போனார்? ஆள் அங்கேதானே உட்கார்ந்திருந்தார்! குரலைத்தான் வாங்கி வைத்துவிட்டார்கள். 2012இல் ஆள் போனார், 2007இலேயே அவர் வேலை போய்விட்டது. நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் சாய்கிறது.

ஒலிப்பலகை:
இருவரும் அந்த அமைப்பு எவ்வளவு சிக்கலானது என்பதைத் தொடாமலே பேசுகிறீர்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே அலறுவது பார்க்கிறவனுக்குச் சாகசம், மிக்ஸரில் நிற்கிறவனுக்குத் தலைவலி.

டிரம்ஸ்காரன் அலறுகிற மைக், அவன் முன்னால் இருக்கிற முக்கிய முரசான ஸ்னேரிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர். கிராஷ் சிம்பல் என்கிற பெரிய உலோகத் தட்டு காதுக்குப் பக்கத்தில். அலறலுக்கு, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற கம்ப்ரஸர் பலமாகப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்து வெடிக்கும், கடைசி எழுத்து காணாமல் போகும். ஆனால் அலறல் நின்றதும் கம்ப்ரஸர் பிடியை விடுகிறது, அந்த இடத்தில் சிம்பல் பொங்கிக்கொண்டு வரும். கேட் (சத்தம் குறைந்தால் மைக்கை மூடுகிற கருவி) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, ஒவ்வொரு ஸ்னேர் அடியும் கேட்டைத் தட்டித் திறந்துவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஸ்னேருக்கென்று வைத்த மைக்கைவிட இந்தக் குரல் மைக் 50 செ.மீ. தள்ளி இருந்தால், ஸ்னேர் சத்தம் இதில் சுமார் 1.5 மில்லி நொடி பிந்தி விழும். இரண்டையும் நெருங்கின அளவில் கூட்டினால் 340 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஸ்னேரின் சதைப்பற்று அங்கேதான். ‘டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி கேட்குது’ என்று ஸ்னேர் சேனலைப் போட்டுத் திருகுவார்கள், குற்றவாளி குரல் சேனலில் இருப்பான்.

வழி உண்டு. முன்னால் வருகிற ஒலியை அதிகம் பிடிக்கிற சூப்பர்கார்டியாய்டு மைக் எடுங்கள். அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லை, முகத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், பக்கவாட்டும் பின்னும் கலந்த இடத்தில். கிராஷ் அந்தக் கோணத்தில் விழும்படி மைக்கைத் தாங்கும் கம்பியான பூமைத் திருப்ப வேண்டும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சுகிற வைத்தியம் ஒன்றுதான்: அலறல் இல்லாத இடங்களில் சேனலைக் கையால் மூடுவது. அதற்கு மிக்ஸரில் நிற்கிறவனுக்குப் பாட்டு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

தந்திமீட்டி:
இத்தனை தொல்லை என்றால் அலறலை முன்வரிசைக்கு மாற்றியது நல்லதுதானே? 2013இன் ‘கான்ட்யூட்’டில் கிதார்காரர் கேவின் பரோ அலறுகிறார். மைக் சுத்தமாகிவிட்டது. கடைசிவரிசையின் முதுகெலும்பு வாதம் என்ன ஆயிற்று?

ஒலிப்பலகை:
மைக் சுத்தமானது. இசை மாறிப்போனது. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு மூச்சும் கையும் ஒரே கயிற்றில் கட்டியவை. பலமான அடி விழும்போது மூச்சு தானாக வெளியே போகும், அதனால் அவன் அலறல் துண்டு துண்டாக, அடியோடு சேர்ந்தே விழ வசதி. ஃபில் (வரிகளுக்கு நடுவே அடிகளை நெருக்கி நிரப்புவது) வாசிக்கிற இடத்தில் வாய் மூடும். கிதார்காரனுக்கு இந்தக் கட்டு இல்லை, எட்டு எண்ணிக்கை வரை இழுத்துவிடலாம். ‘கேஷுவலி டிரெஸ்ட்’டைப் போட்டு அலறல் நுழைகிற இடங்களில் கிராஷ் எங்கே விழுகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அடுத்து ‘கான்ட்யூட்’. வித்தியாசத்தைக் காது சொல்லும்.

கணக்கப்பிள்ளை:
நடுவில் புகுகிறேன். நீங்கள் எல்லாரும் ரசனையைப் பேசுகிறீர்கள், காசை யாரும் பேசவில்லை.

முதல் இ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) ‘பிட்வீன் ஆர்டர் அண்ட் மாடல்’ 2002இல் சுவான்சீயின் மைட்டி ஆட்டம் என்ற லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. அடுத்து இன்ஃபெக்ஷியஸ், அட்லாண்டிக் என்று பெரிய வீடுகள். 2008இன் ‘மெமரி அண்ட் ஹியூமானிட்டி’ தங்கள் சொந்த லேபிளான ஜாயின் அஸ்ஸில். 2011இன் ‘வெல்கம் ஹோம் ஆர்மகெடான்’ டிஸ்டில்லரில்.

பெரிய லேபிளில் தயாரிப்புச் செலவு குழுவின் தலையில் கடனாக ஏறுவதுதான் வழக்கம். வெறும் உதாரணத்துக்கு: ஸ்டுடியோ, தயாரிப்பாளர், ஆர்கெஸ்ட்ரா, முன்பணம் சேர்த்து 1,50,000 பவுண்டு என்று வைப்போம். தட்டுக்கு 1 பவுண்டு குழுவின் பங்கு. 1,50,000 தட்டு விற்றால்தான் கடன் அடைபடும், அதற்கு அடுத்த தட்டில்தான் முதல் காசு. தயாரிப்பாளரின் சதவீதமும் பெரும்பாலும் அந்த 1 பவுண்டுக்குள்ளிருந்தே போகும். இதே குழு சொந்த லேபிளில் 30,000 பவுண்டில் முடித்து, தட்டுக்கு 4 பவுண்டு மிஞ்சினால், 7,500 தட்டில் கணக்கு நேராகிவிடும். ‘டேல்ஸ்’ மாதிரி ஒரு ஆல்பத்தை ஜாயின் அஸ் கணக்கில் எடுக்கவே முடியாது. ‘கான்ட்யூட்’ அரை மணி நேரத்துக்குள் முடிவது கோபத்தால் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

கடைசிவரிசை:
கணக்கு சரி அண்ணே, முடிவு இடிக்கிறது. காசு குறைந்த பிறகு வந்த ‘ஆர்மகெடான்’ ‘டேல்ஸை’விடக் கனமானது, கிதார் வேலையும் கூடுதல். காசு அளவைத்தான் தீர்மானிக்கும், குணத்தை இல்லை. 2010இல் டேரன் ஸ்மித் போய், பேஸ் வாசித்த கேவின் பரோ கிதாருக்கு மாறினார். அந்த மாற்றத்துக்கும் ‘ஆர்மகெடான்’ ஒலிக்கும் உள்ள தொடர்பை எந்தக் கடன் கணக்கிலும் பிடிக்க முடியாது.

கணக்கப்பிள்ளை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்டிஃபின் தயாரிப்பாளர் ரோமேஷ் டோடங்கோடாவிடம் போனது வசதிக்கும் சேர்த்துத்தான் என்பேன். வீட்டிலிருந்து போய்வருகிற தூரம். ஓட்டல் செலவு மிச்சம்.

கரித்துண்டு:
ஒரு பாட்டின் தலைப்பை ஒட்டி ஒரு சந்தேகம். 2002இல் ‘ஜூனோ’ (Juno) பாட்டு, 2003இல் அதையே வேறு எழுத்துக்கூட்டில் (Juneau) திரும்ப வெளியிட்டார்கள், அலாஸ்கா தலைநகரின் பெயரை எழுதுகிற மாதிரி. ‘ஜூனோ’ படத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று மாற்றியதாக ஒரு இடத்தில் படித்தேன். சரியா?

தந்திமீட்டி:
தவறு. அந்தப் படம் வந்ததே 2007இல். பாட்டின் எழுத்து மாறி நான்கு வருடம் கழித்து.

அந்த இரண்டு பதிவையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் குழு எப்படி வளர்ந்தது என்பது கையில் வந்துவிடும். 2003 பதிவில் உடன் தயாரித்தவர் காலின் ரிச்சர்ட்சன், மெட்டல் இசை உலகத்து ஆள், கார்க்கஸ் குழுவோடு வேலை செய்தவர். மெட்டலில் ரிதம் கிதாரை இரண்டு முறை, சமயத்தில் நான்கு முறை வாசித்து இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பது வழக்கம். வீட்டில் செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஒற்றைக் கிதாருக்கு வைத்த கெயினையே (ஒலியை முறுக்கேற்றுகிற அளவு) நான்கு அடுக்குக்கும் வைத்தால் சுரம் கரைந்து இரைச்சல் மட்டும் நிற்கும். ஒவ்வொரு அடுக்கிலும் கெயினைக் குறைத்தால்தான் மொத்தத்தில் கனம் வரும். பிக் விழுகிற நேரம் அடுக்குக்கு அடுக்கு பிசகினால் அகலம் வராது, மங்கல்தான் வரும். பாட்டு அதேதான். வாசிப்பின் ஒழுங்கு கேட்கும்.

கரித்துண்டு:
நன்றி. இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போஸ்ட்-ஹார்ட்கோர் என்று அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி.யில் பிறந்த இசையை வாசித்தவர்களை ‘வேல்ஸ் குழு’ என்று அழுத்திச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஊர் பெயரைத் தவிர?

கடைசிவரிசை:
‘ஹிஸ்டரி’யைப் பாருங்கள். ‘ஹவர்ஸ்’ ஆல்பத்துப் பாட்டு. ஆல்பத்தைத் தயாரித்தவர் பான்டெரா, டெஃப்டோன்ஸ் ஆல்பங்களைச் செய்த அமெரிக்கர் டெர்ரி டேட். ஆனால் அந்தப் பாட்டின் வீடியோ 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் காட்டுகிறது. தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகள் ஒரு வருடம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடித்த போராட்டம். 2009இல் வந்த தொகுப்புக்குக்கூட ‘யுவர் ஹிஸ்டரி இஸ் மைன்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். ஒலி வாஷிங்டனில் பிறந்திருக்கட்டும், துக்கம் உள்ளூர்.

தந்திமீட்டி:
அது அழகான பாட்டு, சண்டை இல்லை. ஆனால் மூல வழக்குக்கு வருவோம். 2016இல் விடைபெறும் சுற்றுப்பயணத்தில் எந்த ஆல்பங்களை முழுசாக வாசித்தார்கள்? ஒரு இரவு ‘ஹவர்ஸ்’, மறு இரவு ‘கேஷுவலி டிரெஸ்ட்’. பட்டியலில் எல்லாவற்றையும்விட மேலே ஏறிய ‘டேல்ஸு’க்கு ஒரு இரவு ஒதுக்கவில்லை. குழுவே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

கடைசிவரிசை:
ஜனம் எதற்கு டிக்கெட் வாங்குமோ அதை வாசித்தார்கள், அவ்வளவுதான். என் சாட்சியையும் கேளுங்கள். ரயனுக்குப் பிறகு அந்த இடத்தில் பேட் லண்டி, அவருக்குப் பின் கேஸி மெக்ஹேல். இருவரும் கை சுத்தமான ஆட்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2019இல் மறுபடி மேடையேறியபோது டிரம்ஸில் உட்கார்ந்தது யார்? ரயன். டேரனும் திரும்பி வந்தார். பிறகு மாத்யூவே விலகி, ஹோல்டிங் ஆப்சன்ஸ் பாடகர் லூகாஸ் உட்லண்ட் முன்னால் வந்து நின்றபோதும் பின்னால் ரயன்தான். பாடகர் மாறியும் குழு நிலைத்து நின்றது.

தந்திமீட்டி:
பாடகர் மாறியதை உங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக வைக்கிறீர்கள். மாத்யூ இல்லாத ‘ஜூனோ’வை எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று தனி இழை தொடங்குங்கள், வந்து பதில் சொல்கிறேன்.

ஒலிப்பலகை:
தொடங்கும்போது மேடைப் பதிவு எதையாவது வைத்துத் தொடங்குங்கள், ஸ்டுடியோ பதிவு வேண்டாம். லூகாஸ் பாடும்போது ரயன் மைக் எங்கே இருக்கிறது, கிராஷ் எவ்வளவு உள்ளே புகுகிறது என்று எனக்கும் கேட்க வேண்டும்.