புதுப்பிப்பு: தலை ஸ்பா கட்டிலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

எமது சலூனுக்குத் தலை ஸ்பா கட்டில் (படுத்தபடியே தலையில் வெந்நீர் விழவிட்டுக் கழுவும் கட்டில்) வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கட்டில் பொருத்தி வேலையும் தொடங்கிவிட்டது.

பலரும் மெத்தை, மோட்டார், நீராவி பற்றி எழுதியிருந்தாலும், முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொன்ன அண்ணரின் ஆலோசனையே கைகொடுத்தது. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்குவதால் கல்சியம் மிகுந்தது. சூடாக்கினால் வெண்படிவாகி, தலைக்கு மேல் வளைந்து நிற்கும் குழாயின் சிறு துவாரங்களை அடைத்துவிடும். கடையொன்றில் காட்சிக்கு ஓடிய கட்டிலிலேயே சில துவாரங்கள் நேரே விழாமல் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டிருந்தன. ஆகவே வளைகுழாயைக் கழற்றக்கூடிய, விரலால் தேய்த்தாலே படிவு உதிரும் சிலிக்கன் முனைகள் உள்ள, 230 வோல்ட்டில் இயங்கும் கட்டிலைத் தெரிந்தெடுத்து, சூடாக்கிக்கு முன்பாக, கல்சியத்தை அகற்றும் நீர் மென்மையாக்கி ஒன்றையும் பூட்டினோம். ஒரே நீரைச் சுழற்றிப் பாவிக்கும் வகையை விட்டுவிட்டேன். உள்ளே கைபுகாத குழாயை ஒவ்வொருவருக்குப் பின்னும் எப்படிக் கழுவுவது?

எதிர்பாராத ஒன்று: மென்மையாக்கியினுள் கல்சியத்தைப் பிடித்துவைக்கும் பிசினை உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அந்த உவர்நீர் வழமைபோல் வாழைப்பாத்திக்குப் போகாதபடி வடிகாலைத் தனியே திருப்ப நேர்ந்தது. அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.