50 மீட்டரில் குரூப் சிதறுகிறது: ரைஃபிளை மாற்றவா, ஸ்கோப்பை மாற்றவா? (டெல்லி)

முனிர்கா_வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல், வேலை டெல்லியில். இரண்டு வருடமாக 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். கிளப்பில் 10 மீட்டரில் சுடும்போது ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தைரியத்தில், ஹரியானாவில் சோனா பக்கம் நண்பரின் நிலத்தில், பின்னால் உயரமான மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து 50 மீட்டர் அளந்து சுட்டேன். குரூப், அதாவது பெல்லட் பட்ட இடங்களின் பரப்பு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. அளந்தால் 18 செ.மீ. போன வாரம் சரியாக வைத்த ஜீரோவும் (ஸ்கோப்பில் குறி வைத்த இடத்திலேயே பெல்லட் படும்படி செய்யும் அமைப்பு) இந்த வாரம் இடம் மாறியிருந்தது.

வாங்கின கடையில் கேட்டேன். "இந்தத் துப்பாக்கிக்கு இவ்வளவுதான் சார். .22 போர் (குழல் உள்விட்டம்) ஏர் ரைஃபிள் எடுங்க, 6-24 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் போடுங்க" என்கிறார்கள். மொத்தமாக 45,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். தூர இலக்கு சுடுவதில்தான் எனக்கு ஆசை. காசை எதில் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரேஞ்ச்_அக்கா

தம்பி, முதலில் அந்த .22 பேச்சை நிறுத்துங்கள். 4.5 மி.மீ. போருக்கு உள்ளே, 20 ஜூல் சக்திக்கு உள்ளே இருந்தால்தான் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். .22 என்றால் 5.5 மி.மீ. 2016 ஆயுத விதிகளின்படி அதற்கு உரிமம் வேண்டும். கடைக்காரர் அதைச் சொன்னாரா? சொல்லாமல் விற்கப் பார்த்தார் என்றால், அவர் கொடுக்கும் மற்ற யோசனையையும் இரண்டு தடவை யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்று கேள்வி. என்ன பெல்லட்? ஸ்கோப்பில் தூரத்துக்கு ஏற்பத் திருப்பும் பாரலாக்ஸ் வளையம் (கண் நகர்ந்தால் குறியும் இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும் பிழையைச் சரிசெய்வது) இருக்கிறதா? ஸ்கோப்பை மாட்டியது யார்?

முனிர்கா_வாசி

அக்கா, உரிமம் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நல்ல வேளை கேட்டேன்.

பெல்லட், கிளப்பில் எல்லோரும் போடும் தட்டைத் தலைதான். ஸ்கோப் சாதாரண 3-9x40, பாரலாக்ஸ் வளையம் கிடையாது. மாட்டியது நானேதான், இரண்டு தனித்தனி ரிங்.

நொய்டா_சுடுநர்

அப்படியென்றால் பாரலாக்ஸ்தான் காரணம். அந்த வகை ஸ்கோப்பில் பாரலாக்ஸ் பெரும்பாலும் 100 கஜத்துக்கு வைத்துத்தான் வரும். ஸ்கோப்பை மாற்றுங்கள், முடிந்தது.

கரோல்பாக்_பெரியவர்

நொய்டா நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மி.மீ. முன்கண்ணாடி, பாரலாக்ஸ் 91 மீட்டருக்கு. 50 மீட்டரில் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனால்கூட அதிகபட்சம் 9 மி.மீ. தான் தவறும். இவருக்குச் சிதறுவது 180 மி.மீ. பாரலாக்ஸ் மேல் மட்டும் பழி போட்டு ஸ்கோப் வாங்கினால் காசும் போகும், தட்டும் அப்படியே இருக்கும்.

தம்பி, உங்கள் 10 மீட்டர் நாணயத்தைக் கொஞ்சம் பாருங்கள். அது கிட்டத்தட்ட 2 செ.மீ. கோணம் மாறாமல் 50 மீட்டர் போனால் ஐந்து மடங்கு, அதாவது 10 செ.மீ. 18-இல் பத்து அங்கேயே வந்துவிட்டது. 10 மீட்டர் போட்டி அட்டையில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. தான். உங்கள் ரைஃபிளோ கையோ 10 மீட்டரிலேயே தளர்வாக இருக்கிறது, கிட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மீதி 8 செ.மீ.க்கு முதல் சந்தேகம் பெல்லட் மேல். தட்டைத் தலை அட்டையில் வட்டமான ஓட்டை போடுவதற்காகச் செய்தது. 25, 30 மீட்டர் தாண்டினால் ஆட ஆரம்பிக்கும். உருண்டைத் தலை வாங்குங்கள், 8.4 கிரெய்ன் எடை போதும். இரண்டு மூன்று தயாரிப்பில் ஒவ்வொரு டப்பா. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும், சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஜீரோ மாறுவது தனிக் கோளாறு. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் சொடுக்கும். ரைஃபிள் முன்னே பாயும்போது ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். ரிங்கில் ஸ்டாப் பின் (ஸ்கோப் நகராமல் தடுக்கும் ஊசி) இருக்கிறதா பாருங்கள். உடம்புச் சட்டத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். இருநூறு முந்நூறு சுடுக்குள் அவை தளரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது.

ரேஞ்ச்_அக்கா

பெரியவர் சொன்னதோடு பிடிமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முன்கட்டை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், தோளில் லேசாகத் தொட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கை இருக்க வேண்டும். நான் முன்கட்டையில் சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். மணல்மூட்டை மேல் கட்டையை நேரடியாக வைத்துச் சுட்டால் குரூப் வேறு இடத்துக்குப் போய்விடும், நடுவில் உங்கள் கை இருக்கட்டும்.

முனிர்கா_வாசி (இரண்டு வாரம் கழித்து)

செய்து பார்த்துவிட்டேன். முன் ஸ்க்ரூ இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. இறுக்கியதும் 10 மீட்டர் குரூப் 2 செ.மீ.யிலிருந்து 14 மி.மீ. ஆனது. கை வைக்கும் இடத்தை அக்கா சொன்ன மாதிரி மாற்றியதும் 9 மி.மீ.

ஸ்கோப் நகர்கிறதா என்று பார்க்க, வீட்டுக்காரியின் நகப்பூச்சை வாங்கி ரிங்கையும் அது மாட்டியிருக்கும் ரைஃபிளின் தடத்தையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அறுபது பெல்லட் சுட்ட பிறகு பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நடுவில் 2 மி.மீ. இடைவெளி. பெரியவர் சொன்ன மாதிரியே பின்னால் வந்திருக்கிறது. ஸ்டாப் பின் உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட் மாற்றினேன். அதன் பிறகு கோடு பிரியவில்லை.

உருண்டைத் தலை பெல்லட் போட்டு சோனாவில் காலை ஏழு மணிக்குச் சுட்டதில் 50 மீட்டரில் 6 செ.மீ. அதே ரைஃபிள், அதே ஸ்கோப். எனக்கு நம்பவே முடியவில்லை. பத்து மணிக்குக் காற்று கிளம்பியதும் 11 செ.மீ. ஆகிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், 45,000-ஐ என்ன செய்வது?

கரோல்பாக்_பெரியவர்

மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. காற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த எடைப் பெல்லட்டை விநாடிக்கு 2 மீட்டர் வேகப் பக்கக்காற்று 50 மீட்டரில் சில சென்டிமீட்டர் தள்ளத்தான் செய்யும். இலக்குப் பக்கம் ஒரு ரிப்பன் துண்டு கட்டி, அது ஒரே மாதிரி ஆடும்போது மட்டும் சுடுங்கள்.

இனி ஸ்கோப் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. 10 மீட்டர் வரை இறங்கும் பாரலாக்ஸ் திருப்பி வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் உதை தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். பெரிய துப்பாக்கிக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப்கூட இந்த முன் சொடுக்கில் உள்ளே உடைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். 4-12 அல்லது 3-12 உங்களுக்குத் தாராளம். 24 மடங்கு வைத்தால் மே மாத டெல்லி வெயிலில் இலக்கு தண்ணீருக்குள் கிடப்பது போல அலையும், நாடித் துடிப்பும் பெரிதாகத் தெரியும்.

ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) திருகும் (கிளிக் கிளிக்காகத் திருப்பி குறியை நகர்த்துவது) ஒரே அளவில் இருக்கட்டும். மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோண அளவுகள்; ரெட்டிகிள் மில்லில், திருகு எம்.ஓ.ஏ.வில் என்றால் ஒவ்வொரு சுடுக்கும் மனக்கணக்கு. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 50 மீட்டரில் 3.6 மி.மீ., 0.1 மில் கிளிக் 5 மி.மீ. உங்கள் தேவைக்கு எதுவும் சரி.

ரைஃபிளை இப்போது மாற்ற வேண்டாம் என்பேன். காற்றை அடைத்து வைத்துச் சுடும் பிசிபி வகை உதைக்காது, 50 மீட்டருக்கு அதுதான் நிம்மதி. பிரிசிஹோல் பிஎக்ஸ்100 அக்கிலீஸ் மாதிரி இந்தியாவிலேயே செய்யும் ரைஃபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் ரைஃபிள் விலையோடு கைப்பம்பு, மவுண்ட், ஸ்கோப் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 45,000-க்குள் அடக்கப் பார்த்தால் ஸ்கோப்பில் கை வைக்க வேண்டிவரும். நல்ல ஸ்கோப்பை இப்போது வாங்கினால் நாளைக்கு அதையே கழற்றி பிசிபியில் மாட்டலாம்.

ஐம்பது_மீட்டர்

ஒரு விஷயம். போட்டி ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒலிம்பிக் முறைப் போட்டியில் ஸ்கோப் கிடையாது, சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் துளைப் பார்வைதான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் அப்படித்தான். அங்கே .22 தோட்டா ரைஃபிள், பத்தாம் வளையம் 10.4 மி.மீ. அதற்கு உரிமம், கிளப் உறுப்பினர் என்று வேறு வழி. துக்ளகாபாத்தில் கர்ணி சிங் ரேஞ்சுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். 1982 ஆசியப் போட்டிக்குக் கட்டியது, 50 மீட்டர் தடம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தாலே எந்தப் பக்கம் மனம் போகிறது என்று தெரிந்துவிடும்.

முனிர்கா_வாசி

இப்போதைக்குப் போட்டி இல்லை அண்ணா, ஆனால் ரேஞ்சுக்குக் கட்டாயம் போகிறேன். பாரலாக்ஸ் திருப்பி உள்ள 4-12 ஸ்கோப் ஒன்றும், உருண்டைத் தலை ஆறு டப்பாவும் வாங்கிவிட்டேன். மீதிக் காசு பிசிபிக்காக அப்படியே இருக்கட்டும். திருகு கால் எம்.ஓ.ஏ. ஜீரோ எத்தனை மீட்டருக்கு வைக்கலாம்?

கரோல்பாக்_பெரியவர்

30 மீட்டருக்கு வையுங்கள். உங்கள் வகை ரைஃபிளில் வேகத்தைப் பொறுத்து 50 மீட்டரில் 6 முதல் 9 செ.மீ. கீழே விழும். முதலில் 20 கிளிக் மேலே ஏற்றுங்கள், அது 7.2 செ.மீ. அங்கிருந்து அட்டையைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டவோ குறைக்கவோ செய்து, வந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கட்டையில் ஒட்டிவிடுங்கள். நகப்பூச்சுக் கோட்டைப் புது ஸ்கோப்பிலும் போட மறக்காதீர்கள்.