ரயிலில் உடன் வருபவரிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

கல்லிடைக்காரன் கேட்டது:

ஸ்தோத்திரம். வேலை காரணமாக சென்னை – நாகர்கோவில் ரயிலில் அடிக்கடி போய்வருகிறேன். எதிர் சீட்டில் இருப்பவர்களோடு ஊர், வேலை, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு நன்றாகவே ஓடுகிறது. அதிலிருந்து விசுவாசத்துக்கு எப்படி வருவது என்றுதான் பிடிபடவில்லை. கைப்பிரதியை (இயேசுவைப் பற்றிய சிறு துண்டுப் பிரசுரம்) நீட்டினால் முகம் மாறிவிடுகிறது. "எல்லா சாமியும் ஒண்ணுதானே" என்று சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது? சட்டப்படி ஏதாவது சிக்கல் உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தாபிதா:

பிரதர், கைப்பிரதியை முதலில் நீட்டுவதுதான் கெடுக்கிறது. அதுவரை பேசிய ஊர்ப்பேச்செல்லாம் இதற்காகத்தானா என்று அவருக்குத் தோன்றிவிடும். பிரதி பைக்குள்ளேயே இருக்கட்டும். அவராகக் கேட்டால் கடைசியில் கொடுங்கள்.

யோவான் 4ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தண்ணீர். தனக்கு ஒன்று தேவை என்று சொல்லி, அவளிடம் கைநீட்டிப் பேச்சைத் தொடங்குகிறார். ரயிலிலும் அப்படித் தொடங்கலாம். சார்ஜர் கேளுங்கள், அவர் ஊரில் எந்தக் கடைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேளுங்கள்.

பேச்சு ஓடும்போது ஒரு கவலை தானாக வெளியே வரும். மகள் கல்யாணம், பையன் வேலை, அம்மாவுக்கு டயாலிசிஸ், கடன். அங்கே சட்டென்று "இயேசு பார்த்துப்பார்" என்று சொல்லிவிடாதீர்கள். அது அவர் வாயை அடைப்பதாகிவிடும். அந்தக் கவலையைப் பற்றியே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அதன் பிறகு, "இந்த மாதிரி நேரத்துல உங்களுக்கு எதுங்க தெம்பு குடுக்குது?" என்று கேட்கலாம். முருகன் என்பார், குலதெய்வம் என்பார், ஒன்றுமில்லை என்பார். எதுவானாலும் முழுக்கக் கேளுங்கள். நம் ஊர் வழக்கப்படி பெரும்பாலும் அவரே திருப்பிக் கேட்பார்: "நீங்க எப்படி?" அப்போதுதான் நீங்கள் பேச வேண்டும்.

அப்போதும் இரண்டு மூன்று நிமிடம் போதும். அவர் கவலைக்குப் பொருந்துகிற ஒரே ஒரு சம்பவத்தைக் கதையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், யவீருவின் மகளை இயேசு எழுப்பிய கதை (மாற்கு 5). வீட்டை விட்டுப் போன பையன் என்றால், அப்பாவிடம் திரும்பி வந்த இளைய குமாரன் (லூக்கா 15). சாவு வீடு என்றால், இயேசுவின் நண்பர் லாசருவின் கல்லறை. அங்கே இயேசு கண்ணீர் விட்டதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். ஊர் ஒதுக்கிவைத்தவர் என்றால், ஊரே வெறுத்த வரிவசூல்காரர் சகேயு. அதிகாரம், வசன எண் எதுவும் வேண்டாம். முடித்ததும், "உங்களுக்கு இது எப்படிப் படுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாறிவிடுங்கள், பழையபடி இழுக்காதீர்கள்.

நேரமும் முக்கியம். இரவு 10 மணிக்கு விளக்கணைக்க வேண்டும், நடு பெர்த்தையும் விரித்துவிடுவார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்ததிலிருந்து 9 மணி வரைதான் நல்ல நேரம். ஸ்லீப்பரில் ஒரு தடுப்புக்குள் சைடு பெர்த்தோடு சேர்த்து 8 பேர். எட்டுப் பேருக்கும் கேட்கிற குரலில் பேசினால், பேச்சில் சேராதவர்தான் முதலில் கோபப்படுவார். நீங்கள் யாரோடு பேசுகிறீர்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசுங்கள்.

பாளை வாசகன்:

"எல்லா சாமியும் ஒண்ணுதானே" என்பதை வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரம் அது ஒரு மரியாதை. "நமக்குள் சண்டை வேண்டாம்" என்கிறார். முதலில் அந்த நல்ல மனசுக்குப் பதில் சொல்லுங்கள்: "ஆமாங்க, யார் நம்பிக்கையையும் மட்டமா பேசக்கூடாது." பிறகு, "இயேசுவைப் பத்திக் கேள்விப்பட்டதுல உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேளுங்கள். பலருக்கு வேளாங்கண்ணி நினைவுக்கு வரும். நேர்ந்துகொண்டு போயிருப்பார்கள். நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் அந்த நேர்த்திக்கடனை விமர்சிக்காதீர்கள், அங்கே அவர் எதைத் தேடிப் போனார் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வித்தியாசத்தைச் சொல்லலாம்: மன்னிப்பை நாம் சம்பாதிக்க முடியாது, சிலுவையில் இயேசுவே அதற்கான விலையைக் கொடுத்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். சிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சபைக்குள் புழங்கும் பேச்சும் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

"உங்க சர்ச்சுலயும் சாதி இருக்கே" என்று நிச்சயம் வரும். இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள். இது இன்று முளைத்ததும் அல்ல. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதியை விடச் சொன்னபோது சென்னையிலும் தஞ்சாவூரிலும் எதிர்த்து வெளியேறியவர்கள் உண்டு. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28க்கு அது நேர் விரோதம் என்று சொல்லுங்கள். பூசி மெழுகினால் நீங்கள் அதற்குப் பிறகு சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார், நம்பவும் தேவையில்லை.

எபிநேசர்மேடு:

பிரசாதத்துக்கு, படைத்த உணவைச் சாப்பிடலாமா என்பதைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வீட்டிலேயே படித்து, உங்கள் மனச்சாட்சிக்கு எது சரி என்று முடிவுசெய்துவிட்டு ரயில் ஏறுங்கள். விசுவாசிகளுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. அந்த நேரத்தில் தடுமாறினால் முகம் கோணும், அதுதான் அவரை நோகடிக்கும். வாங்குவதில்லை என்றால், "தப்பா நினைக்காதீங்க அண்ணே, எங்க வழக்கத்துல சாப்பிடுறதில்ல, நீங்க குடுத்ததே சந்தோஷம்" போதும். வாங்கிவிட்டு ஜன்னல் வழியாகப் போடுவது பெரிய அவமரியாதை. அவர் வீட்டு இட்லியையும் முறுக்கையும் முன்பே மனசார வாங்கிச் சாப்பிட்டிருந்தால் இந்த மறுப்பு அவரை உறுத்தாது.

இன்னொன்று, ஜெபம். "உங்க அம்மாவுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும். தலையில் கை வைக்க வேண்டாம், சத்தம் வேண்டாம். அம்மா பெயரைச் சொல்லி அரை நிமிடத்தில் முடியுங்கள். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தலாம் என்ற எண்ணம் வரும்படி ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. சர்க்கரை நோயாளியும் வலிப்பு நோயாளியும் மருந்தை விட்டால் உயிருக்கே ஆபத்து. பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் காத்திருப்பவரோடு பேசலாம். வார்டுக்குள் கட்டில் கட்டிலாகப் போகக் கூடாது, படுத்திருப்பவர் எழுந்து போக முடியாதவர்.

வக்கீல் குமாஸ்தா:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரத்துக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசாவில் தனிச் சட்டங்கள் உண்டு. வடக்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒடிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெய்வ கோபத்தைக் காட்டி மிரட்டுவதும் வற்புறுத்தல் கணக்கில் வரும். பணம், வேலை, படிப்புச் செலவு பற்றி எங்கேயும் பேச்சே எடுக்காதீர்கள். அடுத்தவர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பாரதிய நியாய சன்ஹிதா 302ஆவது பிரிவின்படி குற்றம். பெற்றோர் இல்லாமல் சிறுபிள்ளைகளிடம் பிரதி கொடுப்பதும் வேண்டாம்.

கல்லிடைக்காரன்:

மிகவும் நன்றி. ஒருவர் "இன்னும் தெரிஞ்சுக்கணும்" என்றால் அடுத்து என்ன செய்வது?

தாபிதா:

அவர் நம்பரை வாங்காதீர்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கட்டும். பெண்கள் என்றால் உங்கள் மனைவி அல்லது சபையில் ஒரு சிஸ்டர் நம்பர். முழு வேதாகமத்தைத் தூக்கிக் கொடுத்தால் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நிறுத்திவிடுவார். லூக்கா சுவிசேஷம் மட்டும் தனிப் புத்தகமாகக் கொடுங்கள், 24 அதிகாரம்தான். இளைய குமாரன் கதையைச் சொல்லியிருந்தால் 15ஆம் அதிகாரத்தில் ஒரு காகிதம் வைத்துக் கொடுங்கள், ரயிலில் கேட்ட கதையை அவரே வாசிக்கத் தொடங்குவார். சபைக்கு வரச் சொல்வதை அவர் கேட்கும்வரை தள்ளிவையுங்கள். கேட்டால் அவர் ஊரிலேயே இருக்கிற சபையைச் சொல்லுங்கள், உங்கள் சபையாக இருக்க வேண்டும் என்றில்லை.