சாமுவேல் என்னும் பெயரின் மூலம் குறித்து விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். வேதாகமத்தில் 1 சாமுவேல் 1:20இல், கர்த்தரிடம் கேட்டுப் பெற்றதால் அன்னாள் தன் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டதாக வாசிக்கிறோம். ஆனால், வேண்டிக் கேட்பதைக் குறிக்கும் 'ஷாஅல்' என்ற எபிரேய வேர்ச்சொல், இஸ்ரவேலின் முதல் அரசரான சவுலின் எபிரேயப் பெயராகிய 'ஷாஊல்' என்பதோடுதான் நேராகப் பொருந்துகிறது. அவள் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்படைக்கும் 1:28இலும் மூலத்தில் அதே 'ஷாஊல்' என்ற வடிவமே வருவது என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

சாமுவேலின் எபிரேய வடிவமான 'ஷெமூஏல்' என்பதற்குத் 'தேவனுடைய நாமம்' என்று பொருள் கொள்வோரும் உண்டு, 'தேவன் செவிகொடுத்தார்' என்போரும் உண்டு. செவிகொடுத்தலைக் குறிக்கும் 'ஷாமா'வின் இறுதியிலுள்ள அயின் என்னும் எபிரேய எழுத்து இப்பெயரில் இல்லாததால், பின்னதை ஏற்கத் தயங்குகிறேன். (தமிழில் 'கேட்டல்' என்பது வேண்டுதல், செவிகொடுத்தல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.)

இப்பிறப்பு வரலாறு முதலில் சவுலுக்கு உரியது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒற்றுமையை வைத்துப் பெயர்க்காரணம் சொல்லும் எபிரேய மரபே இங்கும் செயல்படுகிறது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எபிரேயம் கற்றவர்கள் யாரேனும், பழைய யூத உரையாசிரியர்கள் இவ்வசனத்தை எவ்வாறு விளக்கினார்கள் என்பதை நூற்பெயருடன் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.