கொல்லிமலை ஏற்றத்தில் செயின் தாவுகிறது, உதவுங்கள்

அழுத்தி மிதித்தால் என் சைக்கிளின் செயின் பல் தாவுகிறது. ஞாயிறன்று காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதைக்கூடத் தாண்டவில்லை. எழுந்து நின்று மிதித்த நொடியில் ‘கடக்’ என்று பெடல் கீழே விழ, முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. மிளகு ஏற்றி வந்த லாரிக்காரர் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம் வலித்தது. திரும்பிவிட்டேன்.

ஹைபிரிட் சைக்கிள், பின்னால் 8 கியர், 11-32 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு; சிறியதில் 11 பல், பெரியதில் 32). வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சுமார் 6,000 கி.மீ. ஓடிய பழைய செயினைப் போன மாதம் மாற்றினேன். தொல்லை அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன் ஒருமுறைகூடத் தாவியதில்லை. நடுவிலுள்ள நான்காம், ஐந்தாம் பல்சக்கரங்களில் மட்டும்தான் தாவுகிறது. சேந்தமங்கலம் வரை சமவெளியில் மெதுவாக மிதித்து வந்தபோது ஒரு குறையும் இல்லை.

கியர் கேபிளைப் புதிதாகப் போட்டேன். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின்கியரைத் திருகித் திருகிச் சரிசெய்தேன். அது தொங்கும் கொக்கி வளையவில்லை என்று கடையில் அளந்து சொன்னார்கள். செயினில் இறுகிய கண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன், இல்லை. ‘ஓட ஓடப் படிந்துவிடும்’ என்றார் ஒரு மெக்கானிக். 300 கி.மீ. ஓட்டியும் படியவில்லை. இன்னொருவர் கேசட், முன்பல்சக்கரம், செயின் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்.

புதுச் செயினை வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் மாற்றினால் போதுமா, முன்பல்சக்கரத்தையும் மாற்றியே ஆக வேண்டுமா?