இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடினால் பாஸ் (கனமான தாழ்ந்த ஒலி) காணாமல் போகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மேசையில் வைக்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் நானே செய்தேன். 3 அங்குல ஃபுல் ரேஞ்ச் (தாழ்ந்த, உயர்ந்த ஒலி எல்லாம் ஒரே ஸ்பீக்கரில்), 4 ஓம்ஸ். 12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, உள்ளளவு 12 × 12 × 21 செ.மீ., முன்பக்கம் 25 மி.மீ. ஓட்டை. ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்) பிஏஎம் 8403 போர்டு. பாட்டு, 5 வோல்ட் கரண்ட் இரண்டுமே லேப்டாப்பிலிருந்துதான்.

இடது மட்டும் அல்லது வலது மட்டும் போட்டால் நன்றாகப் பாடுகிறது. இரண்டையும் போட்டதும் மிருதங்கம் வெறும் தட்டலாகிவிடுகிறது. நடுவில் கேட்க வேண்டிய குரல் காதுக்குப் பின்னாலிருந்து வருவது போல இருக்கிறது. மவுஸை நகர்த்தினால் ‘கீய்ய்’ என்று ஒரு சத்தம் வேறு. அப்பா பழைய பாட்டு கேட்கட்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தது. எங்கே தவறு?

பதில் 1:
தம்பி, ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதோடு ஒப்பிட்டால் மேசையில் இரண்டு பெட்டிகளும் மிகவும் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. ட்ரெபிளில் (உயர்ந்த, கீச்சு ஒலியில்) அலை சில செ.மீ. தான், அதனால் அது தப்பிக்கிறது.

ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் எப்போது வெளியே வருகிறதோ, அப்போது பேட்டரியின் ப்ளஸ் படும் முனைதான் ஸ்பீக்கரின் ப்ளஸ். ப்ளஸ் என்று காட்ட ஸ்பீக்கரில் வைத்திருக்கும் சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள்.

‘கீய்ய்’ சத்தத்துக்குக் காரணம் கரண்டும் பாட்டும் ஒரே லேப்டாப்பிலிருந்து வருவது. போர்டுக்கு மட்டும் தனியாக போன் சார்ஜர் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, சொன்னபடியே செய்தேன். இடது கோன் டப்பென்று வெளியே வந்தது, வலது உள்ளே போனது! அதில் புள்ளியே இல்லை, நானாக ஊகித்துப் பற்றவைத்திருந்தேன். மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி (கனமான ஒலி தரும் பக்கம்) கேட்கிறது, குரல் நடுவுக்கு வந்துவிட்டது. சார்ஜர் மாற்றியதும் மவுஸ் சத்தமும் நின்றது.

இன்னும் ஒன்று. ஆண் குரல் மட்டும் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. அப்புறம், இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் சேர்த்து மொத்தம் மூன்று வயராக இழுக்கலாமா?

பதில் 2:
மைனஸைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்த போர்டில் மைனஸ் முனை கிரவுண்டு கிடையாது, அதிலும் சிக்னல் ஓடுகிறது. சேர்த்தால் சிப் சுடும், போயும் விடும். நான்கு வயர்தான்.

குடம் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பெட்டி சுமார் 3 லிட்டர். குழாய் இல்லாமல் வெறும் ஓட்டை இருந்தால் அது ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸில் முழங்கும். ஆண் குரலின் அடித்தளமே அந்தப் பக்கம்தான். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, உள்விட்டம் 25 மி.மீ. உள்ள பிவிசி குழாயை 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டிச் செருகினால் முழக்கம் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். வெட்டுவதற்கு முன் ஒரு சாக்ஸை உருட்டி ஓட்டையை அடைத்துக் கேளுங்கள். 3 அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டியே எனக்குப் பிடிக்கும். பாஸ் குறைந்தாலும் சுத்தமாக இருக்கும்.

அடைத்த நிலையிலேயே 50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, மூலைகளில் ஊதுபத்தி பிடியுங்கள். புகை துடிக்கிற இடத்தில் காற்று கசிகிறது.

கேட்டவர்:
மூலைகளில் புகை நேராகத்தான் போனது. பின்பக்கம் வயர் வெளியே வரும் ஓட்டையில் மட்டும் படபடவென்று துடித்தது! எம்-சீல் வைத்து அடைத்தேன். சாக்ஸ், குழாய் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் குழாயையே வைத்துவிட்டேன். அப்பாவுக்கு அந்தக் கனம் பிடித்திருக்கிறது.

மூலையில் இருந்த வலது பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளியதும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.